கியாஸ் வாசனை வந்தால் லைட் சுவிட்சை தொடாதீங்க! தெருத்தெருவாக பாடம் நடத்தும் தீயணைப்பு வீரர்கள்

சென்னை, ஏப்.14-

தெருமுனையில் சிவப்பு வண்டி வந்து நின்றாலே கூட்டம் கூடி விடும். "எங்க தீ? யாரு வீட்ல?" என்று ஆளாளுக்கு ஓடி வருவார்கள். ஆனால் ஏப்ரல் மாதம் 2-வது, 3-வது வாரத்தில் வண்டி வந்து நின்றால் பெரும்பாலும் பயப்பட தேவையில்லை. அன்றைக்கு தீ வைப்பதே தீயணைப்பு வீரர்கள்தான்.

வண்டியில் இருந்து ஒரு கியாஸ் சிலிண்டரை இறக்கி காலியிடத்தில் வைப்பார்கள். வால்வை திறந்து அவர்களே பற்ற வைப்பார்கள். குபீர் என்று தீ எழும்பியதும் வேடிக்கை பார்த்தவர்கள் நாலடி பின்னால் போவார்கள். ஒரு வீரர் மட்டும் ஈர சாக்கை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். சிலிண்டர் வாயை சுற்றி சாக்கை போர்த்தியதும் தீ அடங்கி விடும். அடுத்த நொடியே வால்வை மூடி விடுவார். அதன் பிறகு கூட்டத்தில் நிற்கும் பெண்களில் ஒருவரை கூப்பிட்டு சாக்கை கையில் கொடுப்பார்கள். முதலில் தயங்குவார். அணைத்த பிறகு "இவ்ளோதானா?" என்பது போல முகத்தில் ஒரு தெம்பு வரும்.

இந்த செயல்விளக்கத்துக்கு காரணம் இருக்கிறது. சிலிண்டர் வாயில் தீயை பார்த்ததும் "வெடிச்சிடும்" என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுபவர்கள்தான் அதிகம். வாயில் மட்டும் எரியும் தீ சிலிண்டருக்குள் போகாது. உள்ளே காற்று கிடையாது, காற்று இல்லாமல் தீ எரியாது. ஆனால் சிலிண்டரை சுற்றி வீடே எரிகிறது, சிலிண்டர் உடம்பே சூட்டில் வேகிறது என்றால் கதை வேறு. உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். அப்போது சாக்கு, வாளி எதையும் தேடாமல் ஆட்களை கூட்டிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் ஒரே வழி.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். தீயை அணைத்த கையோடு வால்வை மூடியாக வேண்டும். தீயை அணைத்து விட்டு கியாசை மட்டும் வெளியேற விட்டால் அது எரிவதை விட ஆபத்து.

ஏன் ஏப்ரல் 14?

1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந்தேதி மும்பை விக்டோரியா துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்ற சரக்கு கப்பலில் தீப்பிடித்தது. இரண்டாம் உலகப்போர் காலம். கப்பலுக்குள் பஞ்சு பொதிகளும் வெடிபொருட்களும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. அணைக்க போன தீயணைப்பு வீரர்கள் தண்ணீரை பீய்ச்சிக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்து சிதறியது. 66 வீரர்கள் பலியானார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. காலையில் நிலையத்தில் மலர் வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், குடிசைப்பகுதி என்று கிளம்பி விடுவார்கள்.

இந்த ஒரு வாரத்தோடு முடிவதில்லை. தீபாவளிக்கு முன்பும் பள்ளி பள்ளியாக போய் பட்டாசு பாதுகாப்பு பற்றி சொல்லி கொடுக்கிறார்கள்.

பாம்பு முதல் மோதிரம் வரை

தீயணைப்பு நிலையம் என்றால் தீக்கு மட்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வீட்டுக்குள் பாம்பு வந்தால் முதல் போன் அங்கேதான் போகிறது. கிணற்றில் மாடு விழுந்தால், குழந்தை தலை பாத்திரத்தில் மாட்டிக்கொண்டால், விரலில் மோதிரம் இறுகி வீங்கி விட்டால், ரோட்டில் மரம் சாய்ந்தால் எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மாடிகளில் தவித்தவர்களை படகில் மீட்டதிலும் இவர்கள் இருந்தார்கள். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையிலும் அதே வேலை. துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப்பணிகள் துறைதான்.

இப்படி நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பதால் ஏரியாவாசிகளுக்கு வீரர்கள் முகம் பழகி விடுகிறது. பழகிய முகம் சொன்னால் ஜனங்கள் காது கொடுத்து கேட்கிறார்கள். நோட்டீஸ் அடித்து ஒட்டினால் யார் படிக்கிறார்கள்?

சமையல் அறையில் கவனம்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை மாதிரி நெருக்கமான பகுதிகளில் ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு குடும்பம், இந்தப்பக்கம் ஒரு குடும்பம். ஒருவர் வீட்டு கியாஸ் கசிந்தால் அது அவர் பிரச்சினை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் அதே ஆபத்து.

சமையல் கியாசுக்கு உண்மையில் வாசனை கிடையாது. கசிந்தால் மூக்குக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவே 'எத்தில் மெர்கேப்டன்' என்ற நாற்றம் பிடித்த பொருளை கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் கியாஸ் உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறது என்று அர்த்தம். "எப்பவும் வர்ற வாசனைதானே" என்று விட்டு விடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு.

சமையல் கியாஸ் காற்றை விட கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாக பரவும். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு பின்னால், மூலையில் தேங்கி நிற்கும். காற்றில் 100 பங்குக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். மேல் ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் போதாது. வாசல் கதவையும் திறந்தால்தான் தரையில் தேங்கியது வெளியே போகும். சிலிண்டரை தரையிலும், ஸ்டவ்வை மேடையிலும் வைக்க சொல்வதற்கும் இதுதான் காரணம். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கசிந்த கியாஸ் நேராக அடுப்பு தீக்கு போகும்.

ராத்திரி கசிந்திருக்கும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து டீ போட சமையல் அறைக்கு போய் தூக்க கலக்கத்தில் லைட்டை போடுவார்கள். சுவிட்சுக்குள் கண்ணுக்கு தெரியாமல் ஒரு சின்ன பொறி பறக்கும். அது போதும். தீக்குச்சியே வேண்டாம்.

எனவே வாசனை வந்தால் சுவிட்சை போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஓடுகிற பேன் ஓடட்டும். எரிகிற லைட் எரியட்டும். எக்சாஸ்ட் பேனை போட்டால் கியாஸ் வெளியே போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த சுவிட்சும் சுவிட்ச்தான். பிரிட்ஜ் கதவை திறக்காதீர்கள், உள்ளே லைட் எரியும். செல்போனை வீட்டுக்குள் நின்று பேசாதீர்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எரிந்தால் அணைத்து விடுங்கள். கதவு, ஜன்னலை திறந்து, ரெகுலேட்டரை ஆப் செய்து கழற்றி, சிலிண்டரோடு நூலில் தொங்கும் வெள்ளை மூடியை வாயில் அழுத்தி மாட்ட வேண்டும். அந்த மூடியை பிள்ளைகள் விளையாட கொடுத்து விட்டு, ஆபத்து நேரத்தில் தேடுகிற வீடுகள் எத்தனையோ!

மூடி போட்டும் கசிந்தால், முடிந்தால் சிலிண்டரை ஆட்கள் இல்லாத திறந்த வெளிக்கு கொண்டு போய் நிமிர்த்தி வைக்கலாம். எல்லாரும் வெளியே வந்த பிறகு 1906-க்கு போன் செய்யுங்கள். கியாஸ் கசிவுக்கு என்றே 24 மணி நேரமும் இயங்கும் நம்பர் அது. மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம்.

சந்தேகம் வந்தால் சோதித்து பார்ப்பது சுலபம். சோப்பு தண்ணீரை ரெகுலேட்டர் மேலேயும் டியூபின் இரண்டு முனையிலும் தடவுங்கள். நுரை குமிழ் விட்டால் கசிவு. தீக்குச்சி கொளுத்தி பார்க்கவே கூடாது. இது சொல்ல வேண்டிய விஷயமா என்று கேட்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

சிலிண்டர் வாங்கும்போதே பாருங்க

சிலிண்டர் பிடிக்கு கீழே இருக்கும் பட்டையில் ஒரு ஆங்கில எழுத்தும் 2 இலக்க எண்ணும் எழுதியிருக்கும். அது சிலிண்டரை அடுத்து சோதனை செய்ய வேண்டிய கெடு. ஏ என்றால் மார்ச் வரை, பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர் வரை. எண் ஆண்டை குறிக்கும். 'சி-28' என்று இருந்தால் 2028 செப்டம்பர் வரை. கெடு தாண்டிய சிலிண்டரை வேண்டாம் என்று திருப்பி கொடுக்கலாம். சீல் இருக்கிறதா, வாயில் கசிவு இருக்கிறதா என்று டெலிவரி செய்பவரையே பார்த்து கொடுக்க சொல்லலாம். தலைச்சுமையாக 3 மாடி ஏறி வந்தவரிடம் கேட்க சங்கடமாக இருக்கும்தான். ஆனாலும் கேளுங்கள், அது அவர் வேலையில் சேர்ந்தது.

ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெடிப்பு, எலி கடித்த தடம் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். தீபாவளிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் வீட்டில் கூட டியூப் மட்டும் பத்து வருஷம் ஓடுகிறது. மேலே எண்ணெய் பிசுக்கு ஏறி கறுத்து போய் இருக்கும், யாரும் திரும்பி பார்ப்பதில்லை.

இன்சூரன்ஸ் இருக்கு, தெரியுமா?

பதிவு செய்த கியாஸ் இணைப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் இன்சூரன்ஸ் உண்டு. இதற்கு வாடிக்கையாளர் தனியாக பணம் கட்ட வேண்டியதில்லை. கியாஸ் விபத்தில் உயிரிழந்தால் ஒருவருக்கு ரூ.6 லட்சம் வரை, சிகிச்சைக்கு ஒருவருக்கு ரூ.2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் பொருட்சேதத்துக்கு ரூ.2 லட்சம் வரை கிடைக்க வழி இருக்கிறது. விபத்து நடந்ததும் கியாஸ் ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். போலீசில் கொடுத்த புகார், தீயணைப்பு துறை அறிக்கை, ஆஸ்பத்திரி பில்களை பத்திரமாக வைக்க வேண்டும். வீடு மாறியும் ஏஜென்சியில் முகவரியை மாற்றாமல் இருப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் முதல் வேலையாக இதை பார்ப்பது நல்லது.

எண்ணெய் சட்டியில் தீ பிடித்தால்...

வடை, பஜ்ஜி போடும்போது எண்ணெய் அதிகமாக காய்ந்து தானாகவே பற்றிக்கொள்ளும். பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் போச்சு. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். ஸ்டவ்வை அணைத்து விட்டு, சட்டியை விட பெரிய தட்டையோ மூடியையோ ஓரத்தில் இருந்து தள்ளி மூடினால் போதும். தீ அடங்கி விட்டதா என்று உடனே திறந்து பார்க்கக்கூடாது. காற்று பட்டால் திரும்ப பற்றும். எரியும் சட்டியை வெளியே தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. ரோட்டோர டிபன் கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும்.

சேலையில் தீ பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்று பட்டு தீ இன்னும் வேகமாக ஏறும். நின்ற இடத்தில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் கெட்டியான பருத்தி போர்வையோ கம்பளியோ போட்டு சுற்ற வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகி தோலோடு ஒட்டும் என்பதால் அடுப்படிக்கு பருத்திதான் நல்லது.

தீக்காயத்தின் மேல் குழாய் தண்ணீரை 20 நிமிடம் விட வேண்டும். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை, இங்க், மாவு, மஞ்சள் தூள் எதையும் பூசக்கூடாது. பூசியதை சுரண்டி எடுத்த பிறகுதான் டாக்டர் சிகிச்சையே தொடங்க முடியும். வலியில் துடிப்பவருக்கு அது இன்னொரு தண்டனை. ஒட்டிய துணியை பிய்க்காமல், வளையல், மோதிரத்தை மட்டும் வீங்குவதற்கு முன்பு கழற்றி விட்டு 108-ஐ கூப்பிடுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கு என்றே தனி வார்டு இருக்கிறது.

கரண்டு விஷயம்

ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு பாக்ஸ், அதில் டி.வி., மிக்சி, அயர்ன் பாக்ஸ் என்று மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடிமனான செம்பு கம்பியை கட்டுபவர்கள் உண்டு. பியூஸ் போவதே வீட்டை காப்பாற்றத்தான். கம்பியை கட்டினால் பியூசுக்கு பதில் ஒயர் எரியும்.

மின்சாரத்தில் தீ பிடித்தால் மெயினை அணைக்காமல் தண்ணீர் ஊற்றக்கூடாது. மண்ணை அள்ளி போடலாம்.

சமீப வருடங்களில் பேட்டரி ஸ்கூட்டர் பெருகி விட்டது. அதை ராத்திரி முழுக்க வாசல் நிலைக்கு உள்ளேயோ மாடிப்படிக்கு கீழேயோ வைத்து சார்ஜ் போடாதீர்கள். கம்பெனி சார்ஜரை விட்டு விட்டு மலிவு சார்ஜர் வாங்குவதும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீ பிடித்தால் சாதாரண தீ மாதிரி அடங்காது, நச்சுப்புகையும் கக்கும். வெளியேற இருக்கும் ஒரே வழியில் அது எரிந்தால் மேல்மாடிக்காரர்கள் இறங்குவது எப்படி?

வழி விடுங்க

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந்தேதி கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகியதை தமிழ்நாடு மறக்கவில்லை. சமையல் அறையில் பிடித்த தீ கீற்று கூரைக்கு தாவியது. குழந்தைகள் இறங்கி வர குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. அந்த சம்பவத்துக்கு பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்று கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் நம் வீட்டு படிக்கட்டை பாருங்கள். உடைந்த சைக்கிள், காலி பெயிண்ட் டப்பா, பழைய பேப்பர் கட்டு. திருட்டுக்கு பயந்து ஜன்னலுக்கு கிரில், வாசலுக்கு கிரில், அதற்கு ஒரு பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று ராத்திரி 2 மணிக்கு புகைக்குள் தேட முடியுமா? சாவியை கதவுக்கு பக்கத்தில் ஒரே ஆணியில் மாட்டி, அது எங்கே என்று சின்ன பிள்ளைக்கும் சொல்லி வைப்பது நல்லது.

புகை சூழ்ந்தால் நிமிர்ந்து நடக்கக்கூடாது. புகை மேலே நிற்கும், நல்ல காற்று தரைக்கு பக்கத்தில்தான் இருக்கும். தவழ்ந்து வெளியே வர வேண்டும். வெளியே வந்தவர் நகைக்கோ ரேஷன் கார்டுக்கோ திரும்ப உள்ளே போகவே கூடாது.

தீயணைப்பு வண்டியில் வழக்கமாக 4,500 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடத்தில் காலியாகி விடும். அந்த வண்டி தெருவுக்குள் நுழைய முடியாமல் இரண்டு பக்கமும் பைக், ஆட்டோ நிற்கிறது. தலைக்கு மேல் கேபிள் ஒயர் தொங்குகிறது. நடுவில் செல்போனில் வீடியோ எடுக்கும் கூட்டம். வீரர்கள் குழாயை தோளில் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டியிருக்கிறது. வந்த பிறகு "லேட்டா வந்தாங்க" என்று அவர்களையே திட்டுவது எந்த ஊர் நியாயம்?

போன் செய்வதிலும் ஒரு சிக்கல். "யாராவது சொல்லியிருப்பாங்க" என்று தெருவே நினைத்துக்கொண்டு யாருமே சொல்லாமல் நிற்பது நடக்கிறது. நீங்களே போடுங்கள். 101 அல்லது 112. முதலில் ஊர், பகுதி, தெரு பெயர், பக்கத்தில் கோவிலோ பள்ளிக்கூடமோ இருந்தால் அதன் பெயர். அடுத்து எரிவது வீடா, கடையா, குடோனா? உள்ளே ஆட்கள் சிக்கியிருக்கிறார்களா? சிலிண்டர் இருக்கிறதா? வண்டி எந்த பக்கமாக நுழைய முடியும்? இதை சொல்லி விட்டு போனை உடனே வைக்காமல் அவர்கள் கேட்பதற்கு பதில் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டினால் தேடும் நேரம் மிச்சம்.

செயல்விளக்கம் உங்கள் தெருவுக்கும் வேண்டும் என்றால், மகளிர் சுயஉதவி குழு, குடியிருப்போர் சங்கம், பள்ளி தலைமை ஆசிரியர் யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உள்ள தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய் நிலைய அலுவலரிடம் கடிதம் கொடுத்து கேட்கலாம். ஈர சாக்கு அவர்களே கொண்டு வருவார்கள். பெண்கள் வீட்டில் இருக்கும் நேரமாக பார்த்து தேதி கேளுங்கள்.